வருமானம் நின்ற காலத்தில் வீட்டுக்காகக் கடன் வாங்கலாமா?



ஏப்ரல் 15-ந் தேதி வந்துவிட்டால் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கரையோடு நின்றுவிடுகின்றன. 2001-ம் ஆண்டில் 45 நாட்களாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களாக நீண்டது. மீன் இனம் பெருகவேண்டும் என்ற அதன் நோக்கம் நல்லதே. ஆனால் கடல் ஓய்வெடுக்கிறது என்பதற்காக வீட்டு அடுப்பு ஓய்வெடுக்காது. படகில் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, ஐஸ் உடைக்கிறவர்களுக்கும், ஏலக்கூடத்தில் கூடை சுமக்கிறவர்களுக்கும், மீன் விற்கப் போகும் தாய்மார்களுக்கும் இந்த இரண்டு மாதமும் கை வறண்ட காலம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டைப் பழுது பார்ப்பதற்கு ஏற்ற காலமும் இதுவேதான். வெயில் காய்கிறது, தளம் உலர்ந்திருக்கிறது, வீட்டு ஆண்பிள்ளை கூட நின்று வேலை வாங்க முடிகிறது. இதை விட்டால் தொழில் தொடங்கிவிடும். அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடும். ஆகவே கொத்தனாரைக் கூப்பிட நேரம் இருக்கும்போது அவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. பணம் வரும்போது நேரம் இல்லை. அப்போது எழும் கேள்வி: "கடனை வாங்கியாவது வேலையை முடித்துவிடலாமா?"

இதைப் பணக்கணக்கு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். இது மனச்சாட்சியைச் சேர்ந்த கேள்வியுமாகும். ஏனெனில் ஒரு வீட்டின் கடனைச் சுமப்பவர், அதை வாங்கியவர் ஒருவர் மட்டுமல்ல. எனவே சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

இரண்டு விதமான பேச்சு ஊரில் காதில் விழுகிறது. "கடன் வாங்குகிறவன் கெட்டான், கூரை விழுந்தாலும் கடன் கூடாது" என்பது ஒன்று. "கடன் இல்லாத வீடு எது? எல்லாரும் வாங்குகிறார்கள், நாமும் வாங்குவோம்" என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. முதலாவது, அவசியத்தில் இருப்பவரை வீணாகக் கூச வைக்கிறது. இரண்டாவது, அவசியம் இல்லாதவரையும் கண்ணைக் கட்டிக் குழியில் இறக்குகிறது.

கடன் வாங்குவது தன்னிலே குற்றம் அல்ல. வட்டித் தொழிலைக் கடுமையாகக் கண்டித்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கூட, 13-ம் நூற்றாண்டிலேயே, தன் அவசியத்தையோ பிறர் அவசியத்தையோ தீர்ப்பதற்காக, வட்டிக்குக் கொடுப்பதையே வழக்கமாகக் கொண்டவனிடம் கடன் பெறுகிறவன்மேல் குற்றம் சுமத்தவில்லை. நெருக்கடியைப் பயன்படுத்தி லாபம் சேர்க்கிறவனுடையதே குற்றம் என்பது அவருடைய தீர்ப்பு. 1462-ல் இத்தாலி நாட்டின் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கு சபைத் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகு நிலையம் ஒன்று ஏற்பட்டது. பொருளை ஈடாக வைத்துக்கொண்டு, நிலையத்தின் செலவுக்கு வேண்டிய சிறு தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு அது கடன் கொடுத்தது. இப்படிப்பட்ட நிலையங்கள் பல ஊர்களிலும் பரவின. 1515-ல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் இந்த முறையை நியாயமென்று ஏற்றுக்கொண்டது. ஆகவே முடை வந்த நேரத்தில் நகையை எடுத்துக்கொண்டு வங்கிப்படி ஏறும் தாய் வெட்கப்படவேண்டிய காரணம் எதுவும் இல்லை.

ஆனால் குற்றம் இல்லாத காரியம் எல்லாம் விவேகமான காரியம் ஆகிவிடாது. கடன் என்பது என்ன? நாளைய உழைப்பை இன்றைக்கே விற்பது. நாளைய உழைப்பில் யார் யாருக்குப் பங்கு இருக்கிறது? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைக்கு இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு இருக்கிறது. கர்ப்பமாயிருக்கும் மருமகளுக்கு இருக்கிறது. அவர்கள் பங்கைத் தொட்டுத்தான் தவணை கட்டப்படும். எனவே "கடன் கிடைக்குமா?" என்பது முதற் கேள்வி அல்ல, கிடைக்கத்தான் செய்யும். "இந்தத் தவணை யாருடைய சோற்றிலிருந்து போகும்?" என்பதே முதற் கேள்வி. இந்தக் கட்டுரை சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

இனி, வீட்டு வேலைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வோம். கேட்டைத் தடுக்கும் வேலை ஒன்று. வசதியைக் கூட்டும் வேலை ஒன்று. பார்வைக்காகச் செய்யும் வேலை ஒன்று.

கேட்டைத் தடுக்கும் வேலை எது என்பதை நம் கடற்கரை வீடுகளே காட்டுகின்றன. கடற்காற்றில் வரும் உப்பு, சிமெண்டின் நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவானது இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடம் பிடிக்கும். அந்த வீக்கத்தைத் தாங்க மாட்டாமல் கான்கிரீட் வெடித்து, துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுகிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபிறகு கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகள் இருபது வயதை ஒட்டி நிற்கின்றன. அவற்றிலும் இந்த நோயைக் காணலாம். தலைக்கு மேல் கம்பி தெரிகிறது, கீழே தொட்டில் தொங்குகிறது என்றால், அந்த வேலையைத் தள்ளிப்போடுவது சிக்கனம் அல்ல, அசட்டை. இந்த நோய் தானாக நின்றுவிடுவதும் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் துரு கூடும், செலவும் கூடும். அதேபோல மின்சாரக் கம்பி நனைகிற சுவர், இடிந்த கழிவறைக் குழி, பாம்பு நுழையும் வாசற்கதவு ஆகியவையும் இந்த வகையே. வருமானம் குறைந்த காலமானாலும் இவற்றுக்காக அளவோடு கடன் வாங்குவது நியாயம். சில சமயம் கடமையும்கூட.

ஒரு எச்சரிக்கை. துருவின்மேல் சாந்து பூசி வெள்ளையடித்து மறைப்பது பழுது பார்ப்பதாகாது. பெயர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுரண்டித் துருவைப் போக்கி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பிறகே பூசவேண்டும். மேலே தண்ணீர் இறங்கும் வழியையும் அடைக்கவேண்டும். அரைகுறை வேலைக்குக் கடன் வாங்கினால், கடன் தீருமுன் காரை மறுபடி விழுந்துவிடும்.

வசதியைக் கூட்டும் வேலையும் நல்லதே. அடுக்களையை அகலப்படுத்துவதும், வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு அறை தடுப்பதும் வேண்டாத ஆசைகள் அல்ல. ஆனால் அவை காத்திருக்கும். தொழில் நடக்கும் மாதங்களில் சேர்த்து, அடுத்த தடைக்காலத்தில் செய்தால் யாருக்கும் கேடு இல்லை. முகப்புச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவதும், பக்கத்து வீட்டைவிட ஒரு அடி உயரக் கேட்டு வைப்பதும் மூன்றாம் வகை. வருமானம் நின்ற காலத்தில் இவற்றுக்காக ஒரு ரூபாயும் கடன்படுவது நியாயமாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஒரு வீட்டுக்கு மேஸ்திரி 3,00,000 ரூபாய் மதிப்புச் சொல்கிறார். பிரித்துக் கேட்டால் மேல்தளத்தைச் சரிசெய்ய 80,000. மீதி அடுக்களைக்கும் முகப்புக்கும். கையில் இருப்பது 20,000.

எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடிப்பதானால் 2,80,000 கடன் வேண்டும். ஊரில் "மூன்று வட்டி" என்கிறார்களே, அது நூற்றுக்கு மாதம் மூன்று. அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு 36. அந்த வட்டியில் மாதம் 8,400 ரூபாய் கட்டவேண்டும். அசல் ஒரு காசு குறையாது. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 61 நாளுக்கும் சேர்த்துக் கிடைக்கும் அந்தத் தொகை ஒரு மாத வட்டிக்கே பற்றாது.

தளத்தை மட்டும் சரிசெய்வதானால் 60,000 கடன் போதும். மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,800. அதையே ஆண்டுக்கு நூற்றுக்கு 12 என்ற வட்டியில் நகையின்பேரில் வாங்கினால் மாதம் 600. ஒரே வீடு, ஒரே கொத்தனார், ஒரே குடும்பம். ஆனால் மாதம் 8,400 எங்கே, 600 எங்கே! வித்தியாசம் ஆசையிலும் இருக்கிறது, கடன் கேட்கும் வாசலிலும் இருக்கிறது.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 14-ம் அதிகாரத்தில், செலவைக் கணக்கிடாமல் கோபுரம் கட்டத் தொடங்கி, முடிக்கமாட்டாமல் நகைப்புக்கு ஆளான மனிதனைப் பற்றிய உவமையை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் என்று எண்ணுகிறவர்கள் அதை மறுபடி வாசிப்பது நல்லது.

நிற்க, வருமானக் குறைவு இரண்டு விதம். ஒன்று, எதிர்பாராதது: வீட்டுத் தலைவர் படுக்கையில் விழுவது, படகு உடைவது, வேலை போவது. மற்றொன்று, முன்னமே தெரிந்தது. தடைக்காலம் இரண்டாம் வகை. எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்பது காலண்டரில் தெரிகிறது. ஆகவே அது திடீர் விபத்து அல்ல. வருஷத்தின் ஒரு பாகம். ஒரு வீட்டுக்குத் தொழில் மாதங்களில் சராசரி 24,000 ரூபாய் வருகிறது என்று வைப்போம். அந்த வீட்டின் மாத வருமானம் 24,000 அல்ல. பத்து மாதச் சம்பாத்தியம் 2,40,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் 20,000-தான் மெய்யான வருமானம். பத்து மாதமும் 24,000-க்குச் செலவு செய்துவிட்டு, இரண்டு மாதம் கடலைக் குறை சொல்வது நியாயமா?

தவணையை ஒத்துக்கொள்ளும்போதும் இந்த 20,000-ஐ வைத்தே பார்க்கவேண்டும். ஆண்டு வருமானம் 3,00,000 ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிறுகடன்கள் பற்றி 2022-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி செய்தது. குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது அந்த விதி. பாதி என்பது கடன் கொடுப்பவருக்கு இட்ட வேலி. வாங்குகிறவருக்கு அது புத்திமதி அல்ல. 20,000-த்தில் 10,000 தவணைக்குப் போனால் மீதியில் எத்தனை வயிறு நிறையும் என்பதை வீட்டுக்காரிதான் சொல்லமுடியும்.

முன்னேற்பாட்டுக்கு ஒரு நல்ல உதாரணம் நம்மிடமே இருக்கிறது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் 1,500 ரூபாய் சேர்த்தால், அரசுகளின் பங்கு 3,000 சேர்ந்து, தொழில் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்புகிறது. பெரிய தொகை அல்லதான். ஆனால் தொழில் உள்ளபோது எடுத்துவைத்து, இல்லாதபோது எடுத்துக்கொள்வது என்ற அதே வழியை ஒவ்வொரு வீடும் தன் அளவில் கைக்கொள்ளலாம். வீட்டுப் பழுதுக்கென்று தனியாக ஒரு உண்டியல், ஒரு குழுச் சேமிப்பு, நம்பிக்கையான ஒரு சீட்டு என ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

கடன் வாங்கியே தீரவேண்டும் என்றால் எங்கே வாங்குவது? முதலில் உறவில் வட்டியில்லாக் கைமாற்று; அதற்கும் நாள் குறித்து எழுதிக்கொள்வது நட்பைக் காக்கும். அடுத்து மகளிர் சுய உதவிக் குழு, கூட்டுறவுச் சங்கம், வங்கி. வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: "தடைக்காலத்து இரண்டு மாதத்துக்கும் தவணையைக் குறைத்து, தொழில் மாதங்களில் கூட்டிக் கட்டலாமா?" கேட்டால் சிலர் இணங்குவார்கள், கேளாமல் இருந்துவிட்டுத் தவணை தவறியபிறகு கேட்டால் இணங்குகிறவர் குறைவு. வாரத் தவணைக் கடன் வேண்டாம். வாராவாரம் வருமானம் இல்லாத காலத்தில் வாராவாரம் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுவது, தெரிந்தே பொய் சொல்வதற்கு ஒப்பாகும்.

தினவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் விலக்கியிருக்கிறது. மீறுகிறவருக்குச் சிறைத்தண்டனை உண்டு. வாசலில் வந்து மிரட்டுகிறவனுக்குப் பயந்து இன்னொரு மிரட்டுகிறவனிடம் கடன் வாங்காதீர்கள்.

வட்டி இல்லாதது போலத் தோன்றும் ஒரு கடனும் நம் கரையில் உண்டு. படகு உரிமையாளரிடமோ மீன் வியாபாரியிடமோ வாங்கும் முன்பணம். வட்டி என்ற பெயர் அதில் இராது. ஆனால் கடன் தீரும்வரை வேறு படகில் ஏற முடியாது. பிடித்த மீனை வேறு ஒருவருக்கு விற்க முடியாது. அவர் சொல்லும் விலையே விலை. பணத்துக்குப் பதில் சுதந்திரத்தை வட்டியாகக் கட்டுகிறோம். முகப்புக்கு டைல்ஸ் ஒட்டுவதற்காகத் தன் கையைக் கட்டிக் கொடுப்பது எவ்வளவு அதிக விலை என்று எண்ணிப் பாருங்கள்.

நகை விஷயமாக ஒரு வார்த்தை. மனைவியின் கழுத்தில் இருப்பது பெரும்பாலும் அவள் பிறந்த வீடு கொடுத்தது. அதை அடகு வைக்க அவளுடைய சம்மதம் வேண்டும். "எடுத்துக்கொண்டு வா" என்ற உத்தரவுக்கு அவள் மெளனமாக இணங்குவது சம்மதம் ஆகாது. எவ்வளவு கடன், என்ன வட்டி, எந்த மாதத்தில் மீட்பது என்று எல்லாம் தெரிந்து, முடியாது என்று சொல்லவும் இடம் இருந்து, அதன்பின் தருவதே சம்மதம். மீட்க வழி தெரியாமல் வைத்த நகை மூழ்கித்தான் போகும். அதோடு மூழ்குவது நகை மட்டும் அல்ல.

இனி, சிலர் சொல்லும் ஆட்சேபங்கள்.

"சாமி, பெண் பார்க்க வருகிறார்கள். வீடு இப்படிக் கிடந்தால் என்ன நினைப்பார்கள்?" தகப்பனுடைய இந்தக் கவலை உண்மையானது, அதை நான் அலட்சியம் செய்யவில்லை. வீட்டைக் கூட்டிப் பெருக்கி வெள்ளையடியுங்கள், அதுவே மரியாதை. ஆனால் கடன்பட்டுக் காட்டும் அழகு, வருகிறவர்களிடம் சொல்லும் ஒருவகைப் பொய். மேலும், அந்தக் கடனைத் தீர்க்கவேண்டிய வருஷமே கலியாணச் செலவின் வருஷமுமாகும்.

"பொறுத்தால் சிமெண்டும் கம்பியும் விலை ஏறிவிடுமே." ஏறலாம். நூற்றுக்கு பத்து ஏறினாலும், நூற்றுக்கு 36 வட்டி கட்டுவதைவிடப் பொறுப்பதே லாபம். துருப்பிடித்த தளம் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அதனால்தான் அதை முதலில் செய்யச் சொன்னேன்.

"கொத்தனார் தெரிந்தவர், கூலியைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்." அவர் மனமுவந்து ஒத்துக்கொண்டால் சரி. அவர் வாய் திறக்கமாட்டார் என்பதற்காக நிறுத்தி வைத்தால் அது அநியாயம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றன்றைய கூலியே அன்றன்றைய அரிசி. நம் முடையை நம்மைவிட எளியவர் தலையில் இறக்கி வைக்க நமக்கு உரிமை இல்லை.

கடமை கடன் வாங்குகிறவருக்கு மட்டும் உள்ளதல்ல. கையில் பணம் உள்ளவர்களே, பக்கத்து வீட்டுத் தளம் விழுவதைப் பார்த்துக்கொண்டு மூன்று வட்டிக்குக் கொடுப்பது உதவி ஆகாது. படகு உரிமையாளர்களே, உங்களுக்கும் இந்த மாதங்களில் படகுச் செலவு உண்டு என்பது தெரிந்ததே. ஆயினும் முன்பணத்தை விலங்காக மாட்டாதீர்கள். ஓய்ந்திருக்கும் இளைஞர்களே, ஒரு விதவையின் வீட்டுத் தளத்தில் பெயர்ந்த காரையைத் தட்டி அள்ளவும், மணல் சுமக்கவும் நான்கு பேர் இரண்டு நாள் கைகொடுத்தால், அவள் வாங்கவேண்டிய கடன் அந்தச் சித்தாள் கூலி அளவுக்குக் குறையும். தடைக்காலத்தில் பணம்தான் இல்லை, கைகள் இருக்கின்றன.

ஆகவே, கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒருநாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் எல்லாரும் உட்காருங்கள். பெரியவர்களும், விவரம் தெரிந்த பிள்ளைகளும் இருக்கட்டும். மேஸ்திரி சொன்ன மதிப்பை வகைவகையாக எழுதி வாசியுங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மழைக்கு முன் செய்யாவிட்டால் யாருக்காவது ஆபத்து உண்டா? அதற்கு மட்டும் எவ்வளவு வேண்டும்? அந்தத் தவணை கட்டும் மாதங்களில் இந்தப் பந்தியில் யாருடைய தட்டில் எது குறையும்?

மூன்றாவது கேள்விக்கு, தட்டு குறையப்போகிறவரே பதில் சொல்லட்டும். அவர் தெரிந்து சம்மதித்தால், பயமின்றி வேலையைத் தொடங்குங்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டால், தளத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, மற்றதை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். பூசாத முகப்போடு ஒரு வருஷம் இருந்த வீட்டுக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.